வெள்ளையன் காலில் இருந்தது வண்டல் இல்லை: நாய்க்கு வரும் அரிப்பைச் சமாளிப்பது

எங்கள் வெள்ளையன் பெயருக்கு ஏற்ற நாய். மூக்கு நுனியைத் தவிர உடம்பு முழுக்க வெள்ளை. அவனுக்கு இரண்டு வயது முடிந்த ஐப்பசியில் முன்னங்கால் பாதம் இரண்டும் செம்பழுப்பாக மாறின. நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் ஊர். சம்பா நடவு முடிந்த வயல், வரப்பு, வாய்க்கால் என்று நாள் முழுக்கச் சேற்றில் திரிகிறவன். வண்டல் சாயம் ஏறிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். நானும் தினம் சாயங்காலம் துணி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நிறம் போகவில்லை, தோல்தான் சிவந்தது.

கால்நடை டாக்டர் பாதத்தைப் பிரித்துப் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "இது சேறு இல்லம்மா, எச்சில். ராத்திரி பூரா நக்கிக்கிட்டே இருக்கான், நீங்க பார்க்கலை."

நாயின் எச்சிலில் இருக்கும் ஒரு நிறமி தொடர்ந்து படப்பட முடியைத் துருப்பிடித்த மாதிரி ஆக்கிவிடும். வெள்ளை நாயானதால் எங்களுக்குத் தெரிந்தது. கருப்பு நாயாக இருந்தால் இன்னும் பல மாதம் தெரியாமலே போயிருக்கும். அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். அரிப்பு என்றால் பின்னங்காலால் சொறிவது மட்டும் இல்லை. பாதத்தை நக்குவது, வால் அடியைப் பல்லால் நறநறவென்று கடிப்பது, முகத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டே நடப்பது, தலையை அடிக்கடி உதறுவது, பின்பக்கத்தைத் தரையில் இழுப்பது, இவை எல்லாமே அரிப்புதான். பின்பக்கத்தை இழுப்பதற்கு மலவாய்ச் சுரப்பி அடைத்திருப்பதும் காரணமாகலாம், அதையும் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் 27 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். பிள்ளைகளின் எடையை மாதா மாதம் அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பார்த்துப் பழகிய கை. குழந்தையைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று அம்மா சொல்லும்போது, கோடு கீழே இறங்கிக்கொண்டிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வெள்ளையனுக்கும் ஒரு 40 பக்க நோட்டுப் போட்டேன். நான்கே விஷயம் எழுதினேன்: எந்த இடத்தில் அரிக்கிறது, எந்த நேரத்தில், அன்று என்ன சாப்பிட்டான், எங்கே திரிந்தான். கடைசியில் பத்துக்கு ஒரு மார்க். சும்மா இருந்தால் 0, தூங்க விடாமல் அரித்தால் 10. டாக்டரிடம் போகும்போது "எப்பவும் சொறியுறான் சார்" என்று சொல்வதற்கும், "ரெண்டு வாரமா 7, ராத்திரியில பாதம், காலையில காது" என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்த நோட்டு இல்லாமல் இருந்தால் நான் இன்னும் களிம்பு வாங்கிக்கொண்டே இருந்திருப்பேன்.

அரிப்பு தனியாக ஒரு நோய் இல்லை, நாலைந்து நோய்க்கு அது வாசல். எந்த நோய் என்று பார்க்காமல் மருந்து போட்டால் ஒரு வாரம் அடங்கி மறுபடி வரும். டாக்டர்கள் பார்க்கிற வரிசை ஒன்று உண்டு: முதலில் பூச்சி, அடுத்து கிருமியும் பூஞ்சையும், அதற்குப் பிறகு சாப்பாடு, கடைசியில்தான் தூசி, புல், மகரந்தம் மாதிரியான சுற்றுப்புற ஒவ்வாமை. இந்த வரிசையைத் தாண்டக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பூச்சியிலிருந்து தொடங்குங்கள்

"என் நாய் மேல தெள்ளுப்பூச்சியே இல்லையே" என்று நானும் சொன்னேன். வீட்டில் இருந்த பேன் சீப்பை எடுத்து வரச் சொல்லி டாக்டர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார், இதை யாரும் வீட்டில் செய்யலாம். இடுப்புக்கு மேலே, வால் தொடங்குகிற இடத்தில் நாலைந்து தடவை அழுத்தி வாருங்கள். சீப்பில் வருகிற கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சம் என்றால் கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாகக் கசிந்து பரவும். அது பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். வெள்ளையனுக்கு அந்தத் துணியில் ஏழெட்டு இடத்தில் கசிந்தது. பூச்சியை மட்டும் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

சில நாய்களுக்குத் தெள்ளுப்பூச்சியின் எச்சிலே ஒவ்வாது. உடம்பு முழுக்கப் பூச்சி இருக்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டு கடித்தாலே நாள்கணக்கில் அரிக்கும். வால் அடி, இடுப்பு, பின்தொடை உள்பக்கம், இந்த இடங்களில் முடி கொட்டி அரித்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும்.

நாய் மேல் இருக்கும் பூச்சி மொத்தத்தில் சொற்பம். ஒரு பெண் பூச்சி நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அந்த முட்டை முடியில் ஒட்டாது, நாய் படுக்கிற இடமெல்லாம் உதிரும். எங்கள் வீட்டில் திண்ணைக்கு அடியில் கிடந்த கோணிச் சாக்கு, மாட்டுக் கொட்டகை ஓரம், வைக்கோல் கட்டின் இடுக்கு, மூன்றும்தான் அவன் படுக்கை. நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்து இந்த மூன்றையும் விட்டுவிட்டால் பத்தே நாளில் பழைய கதைதான். சாக்கை எரித்தோம். அதற்குப் பதில் என் பழைய நூல் சேலை இரண்டை மடித்துப் போட்டேன். ஒன்று கொதிநீரில் ஊறி வெயிலில் காயும்போது மற்றொன்று விரித்திருக்கும். வாரம் ஒருமுறை மாற்றுவேன். கொட்டகை ஓரத்தை தினம் பெருக்கி, குப்பையை வாசலில் குவிக்காமல் உடனே கொளுத்திவிடுவோம். கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக்கணக்கில் காத்திருந்து, நாய் நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே வரும். அதனால்தான் மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். நம்ம ஊர்ச் சூட்டுக்கு இந்தப் பூச்சிக்கு ஓய்வு மாதமே கிடையாது.

மருந்தாக இப்போது வாயில் கொடுக்கிற மாத்திரைகள் வந்துவிட்டன. மாதம் ஒருமுறை கொடுப்பது உண்டு, 12 வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பதும் உண்டு. எங்களுக்கு இதுதான் ஒத்துவந்தது, ஏனென்றால் வாய்க்காலில் குதிக்கிற நாய்க்குத் தோலில் விடுகிற சொட்டு மருந்து நிற்காது. சொட்டு மருந்து விட்டால் இரண்டு நாளாவது தண்ணீரில் இறங்க விடாதீர்கள். அந்த மருந்து குளத்து மீனுக்கும் விஷம். வலிப்பு வந்த நாயாக இருந்தால் மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள், பெர்மெத்ரின் கலந்தது பூனையைக் கொன்றுவிடும்.

எந்த மருந்தும் எடைக் கணக்குதான். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். குத்துமதிப்பாக "இருபது கிலோ இருப்பான்" என்று சொல்ல வேண்டாம். வெள்ளையனை நாங்கள் 20 என்று நினைத்திருந்தோம், 16 தான் இருந்தான்.

உண்ணியையும் இதே கையோடு பாருங்கள். காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நகத்தால் நசுக்காதீர்கள். உண்ணி அரிப்போடு நிற்காது, ரத்தத்தில் காய்ச்சலை ஏற்றிவிடும். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்துப்போனால் அது தோல் பிரச்சினை இல்லை, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி இரண்டு வகை. ஒன்று தோலுக்குள் துளைத்துப் போவது. காது ஓரம், முழங்கை, அடிவயிறு என்று பொருக்குத் தட்டி, பைத்தியம் பிடித்த மாதிரி அரிக்கும். நாயின் காது ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறிவது போல ஆடும், அது ஒரு அறிகுறி. வீட்டில் மனிதர்களுக்கும் இடுப்பில், கையில் சிவப்புப் பொரி வந்து அரித்தால் சந்தேகமே வேண்டாம், இது தொற்றும். மற்றொன்று குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் வாய் ஓரத்திலும் வட்டமாக முடி உதிர்வது. அது பெரிதாக அரிக்காது, நம்மைத் தொற்றாது. இரண்டையும் பார்த்துச் சொல்ல முடியாது, தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பக்கத்து மருந்தகத்தில் அந்த வசதி இல்லையென்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாங்கள் வெள்ளையனைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கேதான் போனோம். சுரண்டல் சோதனைக்கு முதல் நாள் குளிப்பாட்டிக்கொண்டு போகாதீர்கள், களிம்பும் பூசாதீர்கள்.

வாடை வந்தால் எண்ணெயை எடுத்து வையுங்கள்

வெள்ளையனுக்குத் தெள்ளுப்பூச்சி ஒழிந்ததும் வால் அடி சரியாகிவிட்டது. நோட்டில் மார்க் 8-லிருந்து 5-க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. பாதத்தையும் காதையும் விடவே இல்லை. புளித்த மாவு வாடை ஒன்று அடிக்க ஆரம்பித்தது. விரலிடுக்கில் பிசுபிசுப்பு. கக்கத்தில் தோல் தடித்துக் கருத்து, யானைத் தோல் மாதிரி சுருங்கியது.

என் மாமியார் தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து தினம் பூசச் சொன்னார்கள். அன்போடு சொன்னது, நானும் ஒரு வாரம் பூசினேன். வாடை இரண்டு மடங்கானது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த வாடைக்குக் காரணம் ஈஸ்ட் என்கிற பூஞ்சை, அது கொழுப்பைத் தின்று வளர்வது. பிசுபிசுப்பும் வாடையும் இருக்கிற தோலில் எண்ணெய் பூசுவது அதற்குச் சோறு போடுவதுதான். வறண்டு செதில் உதிர்கிற தோலுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் இதமாக இருக்கலாம், ஆனால் நாய் அதை நக்கி வயிற்றுக்கு வாங்கிக்கொள்ளும். வேப்பெண்ணெயைக் கலக்காமல் அப்படியே பூசினால் புண்ணான தோல் எரியும். வேப்பிலை வேக வைத்து ஆற வைத்த தண்ணீரில் கடைசியாக அலசுவதை நான் இன்றும் செய்கிறேன். அது இதமாக இருக்கிறது. நோயைத் தீர்க்கும் என்று நம்பி மருந்தை நிறுத்தியதில்லை.

பூஞ்சைக்கும் கிருமிக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தது குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு, வாரம் இரண்டு தடவை. அதில் நான் செய்த தவறை நீங்களும் செய்துகொண்டிருக்கலாம்: நுரை வந்ததும் அலசிவிட்டேன். அந்த மருந்து தோலில் பத்து நிமிடம் இருந்தால்தான் வேலை செய்யும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். முதலில் பாதம், கக்கம், அடிவயிறு, அரிக்கிற இடங்களில் ஷாம்புவைப் போடுங்கள், பிறகு முதுகு. முதுகை முடிப்பதற்குள் பாதத்துக்குப் பாதி நேரம் ஆகிவிடும். பச்சைத் தண்ணீரே போதும், வெந்நீர் அரிப்பைக் கூட்டும். துணி சோப்பு, நாம் தேய்க்கிற சோப்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். நாயின் தோல் நம் தோல் மாதிரி புளிப்புத்தன்மை கொண்டது இல்லை, நமக்கு ஏற்றது அதை வறட்டிவிடும்.

குளிப்பாட்டுவதைவிடத் துவட்டுவது முக்கியம். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் அத்தனை ஷாம்புவும் வீண்.

காதில் வாடையோ காப்பிப்பொடி மாதிரி அழுக்கோ இருந்தால் குச்சியில் பஞ்சு சுற்றி விடாதீர்கள், எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றியது உள்ளே போய்விடும். டாக்டர் காதுக்குள் பார்த்த பிறகுதான் சொட்டு மருந்து.

தோலில் சீழ்க் கொப்புளமும் வட்டமாகப் பொருக்கும் இருந்தால் கிருமித் தொற்று. அதற்கு மாத்திரை எத்தனை நாள் என்று சொன்னார்களோ அத்தனை நாளும் கொடுங்கள். நாலாம் நாள் பார்க்க நன்றாக இருக்கும், அங்கேதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள்.

எட்டு வாரம் ஒரே சாப்பாடு

பூஞ்சை அடங்கியதும் மார்க் 3, 4 என்று நின்றது. சாப்பாடு காரணமா என்று பார்ப்பது அடுத்த வேலை. எங்கள் பக்கம் நாய்க்கு அரிப்பு என்றால் உடனே "சோறு சூடு, கருவாடு ஆகாது" என்பார்கள். ஒவ்வாமை பெரும்பாலும் இறைச்சி, பால் மாதிரியான புரதத்துக்குத்தான் வரும். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவைதான் அடிக்கடி காரணமாகிறவை. அரிசிக்கு வருவது குறைவு. இன்னொன்று, வருடக்கணக்கில் சாப்பிட்ட பொருளுக்கே ஒவ்வாமை வரும். "சின்னதிலேருந்து கோழிதானே சாப்பிடுறான்" என்பது சமாதானம் ஆகாது.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. வழி ஒன்றே ஒன்று: இதுவரை சாப்பிட்டிராத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள், எட்டு வாரம், வேறு எதுவும் கிடையாது. வெள்ளையன் வளர்ந்தது பிராய்லர் கடையிலிருந்து வருகிற கோழித் தோலிலும் பால் சோற்றிலும். மீன் அவனுக்குப் பழக்கமே இல்லை. அதனால் முள் எடுத்த குளத்துக் கெண்டையும் சோறும் வேக வைத்துக் கொடுத்தோம், உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லாமல். வெங்காயமும் பூண்டும் எப்போதுமே நாய்க்கு ஆகாது. உங்கள் நாய் மீனில் வளர்ந்திருந்தால் வேறு புரதம் பாருங்கள். வளரும் குட்டிக்கு டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள், சத்துக் குறைந்துவிடும்.

சமையல் சிரமமே இல்லை. மனிதர்களைக் கட்டுப்படுத்துவதுதான் சிரமம். என் பேரன் ரஸ்க்கில் பாதியை அவனுக்குப் போடாமல் சாப்பிட மாட்டான். பால்காரர் கேனைக் கழுவி ஊற்றுவார். எதிர்வீட்டில் ஞாயிறுதோறும் எலும்பு. ஒரு வாய் பட்டால்கூட முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று எல்லோருக்கும் நேரில் போய்ச் சொன்னேன். பேரனிடம் நோட்டைக் கொடுத்து, "மார்க் நீதான் போடணும், ரஸ்க் கொடுத்தா மார்க் கெட்டுப்போயிரும்" என்றேன். அவன்தான் அந்த எட்டு வாரமும் காவல் இருந்தான், எதிர்வீட்டு ஆயாவையே நிறுத்தினான். பகலில் கட்டி வைத்தோம், காலையும் மாலையும் கையில் கயிற்றோடு நடத்திக் கூட்டிப்போனார் என் வீட்டுக்காரர்.

எட்டாம் வாரம் மார்க் 3. பிறகு பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருப்பிக் கொடுத்து அரிப்பு ஏறினால்தான் அந்தப் பொருள் குற்றவாளி. கோழி கொடுத்தோம், இரண்டு வாரம் 3-லேயே நின்றது. பால் கொடுத்த நான்காம் நாள் 6. பாலை நிறுத்தினோம், இறங்கியது. கோழி இத்தனை நாளும் சும்மா பழி சுமந்திருந்தது.

மிச்சம் இருந்தது சுணை

பாலை நிறுத்திய பிறகும் ஒரு மிச்சம் இருந்தது. அதை நோட்டுதான் காட்டியது. ஒரு வருடப் பக்கங்களைப் புரட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ஏற்றம், தை, மாசியில் ஒரு ஏற்றம். நடுவில் இறக்கம். முகம், காது, பாதம், கக்கம், வயிறு என்ற இடங்களும், ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் தொடங்கியதும் சேர்த்துப் பார்த்து, இது சுற்றுப்புற ஒவ்வாமை என்று டாக்டர் முடிவு சொன்னார். முழுக்கப் போகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றும் சொன்னார். அதைக் கேட்டு அன்று அழுதேன். இப்போது வெள்ளையனுக்கு ஆறு வயது. அரிப்பு இல்லாத நாய் இல்லை, ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்குகிற நாய்.

அறுவடை மாதத்தில் நெல் சுணை, அதாவது நெல்லில் இருக்கும் நுண்ணிய முள்முடி, நமக்கே கை கழுத்தெல்லாம் அரிக்கும். நாய் அந்த வைக்கோலிலேயே படுத்துப் புரளும். மெஷின் ஓடுகிற அன்று அவனைக் களத்துப் பக்கம் விடுவதில்லை. வைக்கோல் கட்டின் மேல் படுப்பதை அடியோடு நிறுத்தினோம். வரப்பில் பார்த்தீனியம் பூத்திருந்தால் அந்தப் பாதையை மாற்றிக்கொள்கிறோம். வயலில் மருந்தடித்த பிறகு சில நாள் அந்தப் பக்கமே போவதில்லை. நெஞ்சிலும் வயிற்றிலும் படாமல் இருக்க என் வீட்டுக்காரரின் பழைய பனியனை மாட்டிவிடுகிறேன், முன்னங்கால் இரண்டும் கைத்துளையில். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குதிப்பான். அந்த நாளில் குதிக்காதே என்று சொல்ல மனம் வராது, வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றித் துவட்டிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வாசலில் ஒரு டப்பாவும் துண்டும் எப்போதும் இருக்கும். வீட்டுக்குள் ஏறும் முன் நாலு பாதமும் முக்கி, ஒற்றி, அதற்குப் பிறகுதான் திண்ணை. இந்தத் துடைப்பு ஒன்றே எங்களுக்கு மார்க்கில் ஒன்றரை குறைத்தது.

மருந்தைப் பற்றி. மோசமான வாரங்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், இரண்டே நாளில் நின்றது. தண்ணீர் குடம் குடமாகக் குடித்தான், ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுப்பினான். அந்த நிம்மதியைப் பார்த்து அடுத்த மாதம் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் நானே வாங்கிக் கொடுத்தேன், கடையிலும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் வயிறு முழுக்கச் சீழ்க் கொப்புளம். ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அடக்குவதில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குகிறது. அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இப்போது தேவைப்பட்டால் ஓக்லாசிடினிப் என்கிற மாத்திரை தருகிறார்கள், ஒரே நாளில் வேலை தெரிகிறது, தாகம் இல்லை. விலை கூடுதல். ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிக்குக் கொடுப்பதில்லை. அலர்ஜிக்கு நாம் போடுகிற மாத்திரை நாய்க்குப் பெரிதாக வேலை செய்வதில்லை, அதில் சளி மருந்து கலந்திருந்தால் ஆபத்தும்கூட. மீன் எண்ணெய் மாத்திரை டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கிறேன், பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆனது.

நம் அரிப்புக்கு வாங்கிய களிம்பு டியூப் எதையும் பூசாதீர்கள். பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, நாய் அதை நக்கியும் விடும். படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை யார் போட்டுவிடுகிறேன் என்று வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோலி இன நாய்களுக்கும் அதன் கலப்புக்கும் அது உயிர் போகிற விஷயம், மற்றவற்றுக்கும் அளவு தப்பினால் ஆபத்து. மாட்டு உண்ணிக்கு ஊற்றும் டெல்டாமெத்ரினும் அளவு தப்பினால் ஆபத்துதான்.

பம்ப்செட் கழிவு ஆயிலைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும், இன்னும் எங்கள் பக்கத்தில் பூசுகிறார்கள். வெள்ளையனுக்கு முன்னால் எங்களிடம் செவலை என்று ஒரு நாய் இருந்தது. சொறி என்று சொந்தக்காரர் ஒருவர் அவள் உடம்பு முழுக்க அந்த ஆயிலைப் பூசிவிட்டார். நக்கி நக்கி வாந்தி, பிறகு சாப்பாடே இறங்கவில்லை. ஒரு வாரத்தில் போய்விட்டாள். சொறி அவளைக் கொன்றிருக்காது. பினாயில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் அதே வகை. யாராவது பூசியிருந்தால் உடனே பாத்திரம் துலக்கும் திரவ சோப்பால் கழுவிவிட்டு, நக்க விடாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

திடீரென்று ஒரு இடம் உள்ளங்கை அளவு ஈரப் புண்ணாகிவிடும், காலையில் இல்லாதது சாயங்காலம் இருக்கும். சுற்றி முடியைக் கத்தரித்துக் காற்றுப்படச் செய்யுங்கள், உப்புத் தண்ணீரால் ஒற்றுங்கள், நக்க விடாதீர்கள். கழுத்துக் கூம்பு கிடைக்காத அன்று நாங்கள் பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டினோம். மழைக்காலத்தில் இந்தப் புண்ணை ஒரு நாள்கூட விட்டு வைக்காதீர்கள், ஈ முட்டை வைத்துப் புழு பிடித்துவிடும்.

முகம் வீங்கினாலோ, குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இரைத்தாலோ நோட்டை எடுக்க வேண்டாம், நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வெள்ளையனின் நோட்டு இப்போது நாலாவது. பேரன் ஆறாம் வகுப்பு போய்விட்டான், மார்க் இன்னும் அவன்தான் போடுகிறான். இந்தத் தை மாதம் அறுவடை மெஷின் எங்கள் வயலுக்கு வந்த வாரத்தில் 4 போட்டிருக்கிறான். பக்கத்தில் பென்சிலால், "பனியன் போட மறந்துட்டோம்" என்று எழுதியிருக்கிறான்.